துட்டி வீட்டு அடுப்பு

தளவாய் செத்த அன்றைக்கும் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

புருஷனை உள்ளறையில் பாயில் கிடத்திவிட்டு, வெயிலுகந்தாள் முன்னறையில் உலை வைத்தாள். அவள் அழவில்லை. அழக்கூடாது என்று சொல்லியிருந்தோம். தெருத் தலைவர் சேர்மக்கனி அண்ணாச்சி வாசலோடு நின்றுகொண்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

“அரிசியக் குறைச்சிராத தாயி. எப்பவும் போடுத அளவே போடு. அவன் பங்கையும் சேத்துப் போடு.”

“யாரு திங்கதுக்கு அண்ணாச்சி?”

“நாய்க்கு வையி.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் தளவாயும் ஒரே உப்பளத்தில் மூட்டை சுமந்தவர்கள். அவன் தூக்கிவிட்டால்தான் மூட்டை என் தலைக்கு ஏறும். அந்தப் பழக்கத்தில் நான் ஏதாவது சொல்லுவேன் என்று நினைத்திருப்பாள். நான் கரண்டு அடுப்பின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் விடியும்போது அவனை உப்பு வண்டியில் சாக்குகளுக்கு அடியில் வைத்து ஓட்டிக்கொண்டு போய், வேலை நின்றுபோன பழைய பாத்திக் கரையில் புதைத்தோம். சங்கு ஊதவில்லை. மாலை போடவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு வந்தோம், வெறும் வண்டி வந்தால் யாராவது கேட்பார்கள் என்று.

துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. துட்டி வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தில் பொங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பதினாறாம் நாள் அந்த வீட்டிலேயே பெரிய சமையல் நடக்கும். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தது கிடையாது. எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் அடுப்பை எண்ணுகிற எந்திரத்துக்கும் இது தெரியும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உப்புக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர் வந்ததே தோலைப் பார்த்துத்தான். காய்ச்சல் கண்டவர்களின் வியர்வை காய்ந்து கழுத்திலும் முதுகிலும் வெள்ளையாகப் படியும். எங்களுக்கு எந்நாளும் அப்படித்தான் இருக்கும். அளத்திலிருந்து ஏறி வருகிறவனைப் பார்த்து, இவன் வேலை செய்தவனா காய்ச்சல்காரனா என்று சொல்ல முடியாது. அதனாலேயே பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அதனாலேயே நாங்கள் எங்களுக்குள்ளேயே ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பார்க்கப் பழகிக்கொண்டோம்.

முதல் அலையில் சுடுகாடு ஓயாமல் புகைந்தது. டிவியில் மட்டும் விரல் விட்டு எண்ணிவிடுகிற மாதிரி ஒரு எண்ணைச் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. அதற்கப்புறம்தான் சாவைக் கணக்கெடுக்கக் கணிப்பகம் என்று ஒன்றை வைத்தார்கள். அதே சமயத்தில் சிலிண்டர் வருவது நின்று, வீட்டுக்கு வீடு கரண்டு அடுப்பு இலவசமாகக் கொடுத்தார்கள். சும்மா எதையும் எவனும் தரமாட்டான் என்று என் பெண்டாட்டி பொன்கனி அடுப்பை வாங்கும்போதே சொன்னாள்.

கணிப்பகத்திலிருந்து முதலில் வந்தவள் ஜெனோவா. தூத்துக்குடிக்காரிதான். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். கோயில் வேப்பமரத்தடியில் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினாள்.

“ஒரு வருஷத்துல இந்த ஊர்ல சாதாரணமா எத்தன பேர் இறப்பாங்கன்னு பழைய வருஷங்கள வச்சுச் சொல்லிரலாம். அதுக்கு மேல கூடுறது பூரா காய்ச்சல் கொண்டுபோனது. ஆனா இறந்தவங்களையே யாரும் பதியலன்னா நாங்க எதை எண்ணுறது? அதனாலதான் இந்தக் கரண்டு அடுப்பை எண்ணுறோம். அது எப்ப எரியுது, எவ்வளவு நேரம் எரியுதுன்னு எங்களுக்குத் தகவல் வந்துரும்.”

அப்போது தளவாய் உயிரோடு இருந்தான். கூட்டத்தில் சும்மா இருக்கமாட்டான்.

“அடுப்பு எரியலன்னா செத்தான்னு கணக்கா? நான் பொண்டாட்டிகூட சண்டை போட்டா ரெண்டு நாளு எங்க வீட்ல அடுப்பு எரியாதே மேடம். அப்பம் நான் ரெண்டு நாளு செத்துக் கெடந்து எந்திரிச்சி வந்தேனா?”

வெயிலுகந்தாள் அவன் முதுகில் ஓங்கி வைத்தாள். கூட்டம் சிரித்தது. ஜெனோவாவும் சிரித்தாள்.

“அதுக்குத்தான் அண்ணாச்சி பக்கத்து வீட்டு அடுப்பையும் பார்க்கிறோம். துட்டின்னா பக்கத்து வீட்ல கூடுதலாப் பொங்குவாங்க. நீங்க சண்டை போட்டா எந்த மகராசி உங்களுக்குச் சோறு கொண்டுவந்து தருவா?”

“எங்க தெருவ நல்லாப் படிச்சித்தான் வந்திருக்கிய!”

“ஆனா ஒண்ணு. இன்ன வீட்ல ஒருத்தர் இறந்தாருன்னு இந்தக் கணக்கு சொல்லாது. நிறைய தெருவச் சேத்துப் பார்த்தா, ஒரு தெருவுக்கு ஏறக்குறைய இவ்வளவு இருக்கும்னு சொல்லும். அதுலயும் முன்ன பின்ன இருக்கும்.”

அவள் உள்ளதைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அதுதான் அவள் செய்த பிழை.

அவள் சொன்ன அந்த ‘முன்ன பின்ன’ மேலதிகாரிகளிடம் போகப் போக உதிர்ந்துவிட்டது. தெரு முனையில் ஒரு போர்டு வைத்தார்கள். அதில் ஒரே ஒரு எண் எரியும். அந்த எண் ஒன்றைத் தொட்டால் தெருவுக்கு வேலி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெற்குத் தெருவைத்தான் முதலில் அடைத்தார்கள். அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. செத்தார்கள், அடுப்பை அணைத்தார்கள், அக்கம்பக்கத்தில் சோறு கொடுத்தார்கள். எண் ஏறியது. ஆளுயரத் தகரத்தை வைத்து அடைத்துவிட்டார்கள். மாதக்கணக்காக ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. அளத்தில் அவர்கள் இடத்துக்கு வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். ஆரம்பத்தில் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாங்கள் அந்தப் பக்கமாக நடப்பதை விட்டுவிட்டோம்.

அப்படித்தான் சேர்மக்கனி அண்ணாச்சி அந்தச் சட்டத்தைப் போட்டார். எங்கள் தெருவில் எந்த அடுப்பும் நிற்கக்கூடாது. எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் சோறு போகக்கூடாது. பதினாறும் கிடையாது. தளவாயின் சாவு அந்தச் சட்டத்துக்கு வந்த முதல் சோதனை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

போர்டு பூஜ்யத்திலேயே நின்றது.

எனக்கு எழுத்து லேட்டாகத்தான் வந்தது, கல்யாணமெல்லாம் ஆன பிறகு. தெரு முனை போர்டில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘இத்தெரு பாதுகாப்பானது’. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அதைப் படித்தேன். படிக்கப் படிக்க அதன் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

முதலில் நாய்கள். எங்கள் தெரு நாய்கள் எலும்பும் தோலுமாகத் திரிகிறவை. அவற்றுக்கு வயிறு தொங்க ஆரம்பித்தது. வெயிலுகந்தாள் வீட்டுச் சோறு ஒன்றில் இத்தனை நாய் கொழுக்குமா? இன்னொன்றும் கவனித்தேன். சாயங்காலம் அளத்திலிருந்து திரும்பினால் அவை ஓடிவந்து எங்கள் கெண்டைக்காலை நக்கின. முன்னெல்லாம் அப்படிச் செய்ததில்லை. உப்புக்கு அலைகின்றன என்று புரிந்தது. யாரும் தின்னப் போகாத சோற்றில் எவள் உப்புப் போடுவாள்? எங்கள் பக்கம் உலையிலேயே உப்புப் போடுகிற வழக்கம். போடாமல் விட்டால் அது மறதி இல்லை.

அடுத்தது எதிர்வீட்டு இருமல். எதிரில் தங்கபுஷ்பம் வீடு. அவள் மாமனார் பூலோகம் பெரியவர் படுக்கையில் கிடந்தார். காலையில் அவர் இருமுவது எங்கள் வீட்டுக்குள் கேட்கும். இருமல், ஒரு செருமல், பிறகு ஒரு சேவல் கூவல். நான் பல்விளக்கும்போது தினமும் கேட்கிற சத்தம். ஒரு நாள் வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். காய்ச்சல் பயத்தில் கோழிகளையெல்லாம் எப்போதோ பிடித்துக்கொண்டு போய் அழித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஏது சேவல்?

“ஏட்டி, அந்த இருமலக் கேட்டியா?” என்றேன் பொன்கனியிடம்.

“பெருசு இருமுது. அதுக்கென்ன?”

“சேவலும் கூவுதே.”

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அடுத்த வீட்டுச் சத்தத்துக்கு எதுக்குக் காது குடுத்துட்டு நிக்கிய? வேலைக்கு நேரமாவலையா?”

பழைய பாத்திக் கரையில் மண் அங்கங்கே புரண்டு கிடப்பதையும் பார்த்தேன். நண்டு தோண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு நண்டு அவ்வளவு மண்ணை அள்ளாது என்று எனக்குத் தெரியும். தெருவில் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இந்த வீட்டில் கிழவியை எப்போது கடைசியாகப் பார்த்தோம்? அந்த வீட்டுக் கொடியில் ஏன் ஆம்பிளை வேட்டியே காயவில்லை? வெளியே வருகிறவர்கள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். வராதவர்களைக் கேட்டால் “அசந்து தூங்குதாவ” என்றார்கள். என்னை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

என் தம்பி மந்திரம், மலைக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தான். நான் கூப்பிடுகிற நேரமெல்லாம் அவன் போன் அணைந்து கிடந்தது. சூளையில் கரண்டு இல்லை, மேஸ்திரி போனிலிருந்து பேசுகிறான் என்று பொன்கனி சொல்லுவாள். நான் அளத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவன் கூப்பிடுவானாம்.

“என்ன சொன்னான்?”

“அண்ணன் உடம்பப் பாத்துக்கிடச் சொல்லுங்க மைனின்னாவ.”

“என்கூடப் பேச மாட்டானாமா தொரை?”

“நீங்க வீட்ல இருந்தால்லா பேசுவாவ.”

இந்த நிலையில்தான் எங்கள் மகள் வேணிக்கு உடம்பு சுட்டது. ஒரே பிள்ளை. ஆறாம் வகுப்பு. மூன்றாம் நாள் அவள் கழுத்தில் வெள்ளையாகப் படிந்தது. அவள் அளத்துக்கு வருகிறவள் இல்லை. அது வேலை உப்பு இல்லை. பொன்கனி ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கத் திரும்பவும் படிந்தது. ஜன்னலைச் சாத்தினோம். “பிள்ளைய எங்க காணோம்?” என்று பக்கத்தில் கேட்டார்கள். “அசந்து தூங்குதா” என்றேன். சொல்லும்போதே அந்தச் சொல் எனக்குக் கசந்தது.

அன்றைக்கு மத்தியானம் ஜெனோவா வந்தாள். கார் இல்லை, கூட ஆள் இல்லை. நடந்தே வந்து சேர்மக்கனி அண்ணாச்சி கடை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். செய்தி பரவி ஒவ்வொருவராக வந்து தள்ளித் தள்ளி நின்றோம்.

“போர்டைப் பாத்தியளா மேடம்? நம்ம தெரு சுத்தம்,” என்றார் அண்ணாச்சி.

“பாத்தேன். அதான் பயமா இருக்கு.”

“என்னது?”

“உங்க தெருவுல யாருமே சண்டை போடல அண்ணாச்சி.”

யாருக்கும் புரியவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“மூணு மாசமா ஒரு வீட்லயும் ஒரு வேளைகூட அடுப்பு நிக்கல. யாரும் கோவிச்சுக்கிட்டுப் பட்டினியாப் படுக்கல. பழைய சோறு கெடக்குன்னு யாரும் உலை வைக்காம விடல. ஆடி வெள்ளிக்குக்கூட யாரும் விரதம் இருக்கல. மழைக்கு அளம் மூடி உங்களுக்கு வேலையே இல்லாத வாரத்துல ஒரு வீட்லயும் ஒரு பிடி அரிசி குறையல. உயிரோட இருக்கிறவங்க இப்பிடி இருக்க மாட்டாங்க. உயிரோட இருக்கிறவங்க கணக்கு கோணல்மாணலாத்தான் இருக்கும்.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். “தெற்குத் தெருவையும் மத்த தெருக்களையும் வச்சுப் போட்டுப் பாத்தேன். இங்க நாலுல இருந்து ஏழு பேர் வரைக்கும் இறந்திருக்கணும்.”

“அநியாயமாச் சொல்லாதிய! ஒருத்தன்தான…” என்று கத்திய அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார்.

யாரும் ஜெனோவாவைப் பார்க்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். எங்களுக்குத் தெரிந்தது தளவாய் ஒருவன். மற்றவர்கள் யார்? தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எந்தெந்த வீடு?” என்று நான் கேட்டேன்.

“எனக்குத் தெரியாது. என் கணக்குக்குத் தெருவைத்தான் தெரியும், வீட்டைத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

“இதச் சொல்லத்தான் இந்த வெயில்ல நடந்து வந்தியளாக்கும்?” என்றார் அண்ணாச்சி.

“இல்ல. புது மருந்து வந்திருக்கு. ரொம்பக் கொஞ்சமா வந்திருக்கு. எங்க இறப்பு அதிகமோ அங்கதான் முதல்ல போகும். காய்ச்சல் கண்ட ஒரு வாரத்துக்குள்ள போட்டாத்தான் பிரயோஜனம். உங்க போர்டு பூஜ்யம் காட்டுது. பூஜ்யத்துக்கு மருந்து வராது.”

வேணிக்கு எத்தனை நாளாகிறது என்று முதுகுக்குப் பின்னால் விரல் விட்டு எண்ணினேன்.

“அப்பம் நீங்களே எண்ண மாத்திப் போட்டுக் குடுங்களேன். எங்ககிட்ட எதுக்கு வாரிய?” என்றார் அண்ணாச்சி.

“குடுத்தேன். மேல நம்பல. அடுப்ப எண்ணச் சொன்னது நீதானம்மா, அந்த அடுப்பே பூஜ்யம்னு சொல்லுது, இப்ப நீயே இல்லங்கியேன்னு கேக்கிறாங்க.” அவள் குரல் இறங்கியது. “எப்பிடி எண்ணுறோம்னு உங்ககிட்ட அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாம எண்ணுறதும் சரியாப் படல. இனிமே அடுப்பு அணைஞ்சாத்தான் உண்டு. நாளைக்குக் காலையில மருந்தப் பிரிக்கிறாங்க.”

“அணைச்சா வேலி வருமா?”

“வேலி என் கையில இல்ல.”

“வரும்னு சொல்லுங்க.”

“வரலாம்.”

அவள் போனதும் கடை முன்னால் பேச்சு வெடித்தது.

“தூண்டில்ல புழு வைக்காம எவன் போடுவான்? மருந்துங்கது புழு,” என்றார் அண்ணாச்சி. “எவனாவது அடுப்ப அணைச்சியளோ, நாளைக்கு மத்தியானம் தகரம் வந்து எறங்கும். அளத்துல நம்ம இடத்துக்கு ஆள் ரெடியா நிக்கான்.”

“மருந்து நெசமா இருந்தா?” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அவர் கண் என் கழுத்துக்குப் போனது.

“உன் வீட்ல யாருக்காவது வேணுமா பேச்சிமுத்து?”

“சும்மா கேட்டேன்.”

“சும்மா கேக்காத.”

கூட்டம் கலைந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் வேணி கண்ணைத் திறக்கவில்லை. உதட்டின் ஓரத்திலும் வெள்ளை படிந்திருந்தது. ஜெனோவா சொன்னதைப் பொன்கனியிடம் சொன்னேன். வேலை போய்விட்டால் மூன்று பேரும் எதைத் தின்பது? மருந்து வராவிட்டால் எந்த மூன்று பேர்? அந்தப் பெண் பொய்யே சொல்லியிருந்தால்? அவளை அனுப்பியவர்கள் அவளிடமே பொய் சொல்லியிருந்தால்? பொன்கனி சாயங்கால உலையை வைத்து, அடுப்பைப் போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு அந்தச் சிவப்பு விளக்கு தெரியும். எல்லாம் எரிந்தது.

முதலில் அழுகைதான் கேட்டது. வெயிலுகந்தாள் தன் வாசலில் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. மாதக்கணக்கில் உள்ளே கிடந்த ஒப்பாரி வெளியே வந்தது. மூட்டை தூக்கின தோளே, முன்னறையில உலை கொதிக்க, உள்ளறையில நீ குளுந்தியே, உன் பங்கச் சோத்த நாய்க்கு வச்ச பாவியானேனே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணாச்சி கடையிலிருந்து ஓடிவந்தார்.

“ஏ தாயி, எந்திரி, தெருவக் கெடுத்துராத…”

அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

தங்கபுஷ்பம் எதிர்வீட்டிலிருந்து வந்தாள். கையில் போன் இருந்தது. அதை அண்ணாச்சி காலடியில் வைத்துவிட்டு, “இதுலதான் எங்க மாமா இருமுதாவ. ஆளு போயி மாசம் ரெண்டாச்சி,” என்று சொல்லி, வெயிலுகந்தாள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் வீட்டு விளக்கும் அணைந்திருந்தது. பிறகு கிழக்குக் கோடியில் ஒன்று அணைந்தது. அதற்கு எதிரில் ஒன்று. அழுகை ஒவ்வொரு வாசலாக ஏறி வந்தது. அண்ணாச்சி தெரு நடுவில் நின்று, அணையும் விளக்குகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவரை நம்பித்தான் எல்லாரும் ஒளித்தார்கள். அவரிடமிருந்தும் ஒளித்தார்கள்.

எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. இத்தனை போதும். எண் ஏறிவிடும். மருந்து வரும். நாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எங்கள் அடுப்பு எரியட்டும். துட்டி வீடுகளுக்குச் சோறு பொங்க ஒரு வீடாவது வேண்டும்.

திரும்பினேன். பொன்கனி கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த சோறு அடங்கியது.

“எதுக்குட்டி அணைக்க? நம்ம வீட்ல யாரும் சாவலையே.”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“உங்க தம்பி.”

“அவனுக்கென்ன? முந்தாநாளுகூடப் பேசினாம்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

வெளியே ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது.

“மேஸ்திரிதான் பேசினாரு. அங்ஙனயே எரிச்சிட்டாவளாம். உங்ககிட்ட சொன்னா நீங்க மொட்டை போட்டுட்டு உக்காந்துருவிய. அடுப்ப அணைன்னு நிப்பிய. வேலி வந்துரும். பிள்ளைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?”

“எப்பம்?”

“தளவா அண்ணனுக்கு முந்தி.”

தளவாய்க்கு முந்தி. அப்படியென்றால், அன்றைக்கு வெயிலுகந்தாள் என்னைத் திரும்பிப் பார்த்தபோதே, என் வீட்டுச் சோறும் துட்டிச் சோறுதான். நான் அதைத் தின்றுவிட்டுப் போய்த்தான் அவள் வாசலில் நின்றிருக்கிறேன். மறுநாளும் தின்றேன். தெரு முழுக்கப் பிணம் தேடிக்கொண்டு, நடுவில் வந்து தின்றுவிட்டுப் போனேன்.

நான் அவளை அடிப்பேன் என்று நினைத்தாள் போல. தலையைக் குனிந்துகொண்டாள். நான் வேணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் போர்டில் ஐந்து எரிந்தது. மத்தியானம் லாரி வந்தது. தகரம் இறக்கினார்கள். அண்ணாச்சி வெற்றுடம்போடு வந்து நின்று, “சொன்னேனா? சொன்னேனா?” என்றார். தகரம் எல்லாம் இறங்கிய பிறகு, அதே லாரியிலிருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெனோவா இறங்கினாள். அண்ணாச்சி தகரத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டுமே நெசமா இருக்கும்னு எவன் கண்டான்,” என்றார்.

நர்ஸ் வேணிக்கு ஊசி போட்டார். ஜெனோவா வாசலில் நின்றாள்.

“பிழைச்சிருவாளா?” என்று கேட்டேன்.

“இந்த நிலையில போட்டா நூறு பேருல எண்பது பேர் பிழைக்கிறாங்க.”

“எம் பிள்ள எண்பதுலயா, இருபதுலயா?”

“அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

பிழைச்சிருவா என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். தெரியாது என்றாளே, அப்போதுதான் நேற்று அவள் சொன்னதும் பொய்யில்லை என்று பட்டது.

“உங்க போர்டுல எந் தம்பி கெடையாது,” என்றேன்.

“எங்க இறந்தாரு?”

“சூளையில. மலைக்கு அந்தப் பக்கம்.”

“அங்க எண்ணியிருப்பாங்க.” சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். “எண்ணியிருக்கணும்.”

சாயங்காலத்துக்குள் வேலி அடைத்தாயிற்று. எங்கள் தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லை. துட்டி இல்லாத வீடுகளும் இருந்தன. ஆனால் எது துட்டி இல்லாத வீடு என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் வாய் வரவில்லை. அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பசி இருந்தது. நாய்கள் தெரு நடுவில் வந்து நின்று எங்களைப் பார்த்தன.

புது வேலி தெற்குத் தெருவின் பழைய வேலியோடு முட்டுகிற மூலையில் தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரும் எழவில்லை. திரும்பவும் தட்டினார்கள். நான்தான் போனேன். தகரத்துக்கு மேலே ஒரு அலுமினியக் குண்டான் துணியால் மூடியபடி உயர்ந்தது. அதன் அடியில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அந்தப் பக்கமிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது நாங்கள் நடை மாற்றிப் போன தெரு அது.

“யாரு?” என்றேன்.

“யாரா இருந்தா என்ன? பிடியும்வே, கை சுடுது. இன்னும் ரெண்டு குண்டான் வருது.”

வாங்கினேன். சூடாக இருந்தது. தூக்கி வந்து கீழே வைத்து, துணியை விலக்கினேன். வெள்ளைச் சோறு. நான் சட்டென்று கை வைக்கவில்லை. எங்கள்மேல் அவர்களுக்கு எவ்வளவு ஆத்திரம் இருக்கும்? காய்ச்சல் வீட்டுச் சோறா? மிச்சமா? நாய்க்கு வைத்ததா? தெருவே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயிலுகந்தாளும் பார்த்தாள்.

ஒரு வாய் அள்ளிப் போட்டேன்.

உப்புப் போட்டிருந்தார்கள்.